வாசலில் நிற்கும் ரிக் வண்டியும் மனையின் விலையும்

மாட்சிமை பொருந்திய கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களின் சமூகத்துக்கு, சிங்காரப்பேட்டைக் குடிமகன் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் மடல்.

தெருவில் வண்டி நிறுத்தும் விவகாரத்தை ஜில்லாவின் தலைமை அதிகாரி வரை கொண்டுசெல்வதா என்று நகைப்பவர்கள் உண்டு. 2019 டிசம்பரில் நாங்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர் கைக்குச் சென்றதையும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர் என்னும் ஸ்தானம் தங்களுக்கே உரியதென்பதையும் யோசித்தால், இந்த விஷயத்தை வேறு யாரிடம் முறையிடுவதென்று எனக்கு விளங்கவில்லை.

பாராமகால் என்று பழங்காலத்தில் வழங்கிய எங்கள் மேட்டு நாட்டிலிருந்து கீழ்நாட்டுக்கு இறங்கும் செங்கம் கணவாயை அடுத்துள்ள எங்கள் ஊர், 1767இல் ஹைதரலியின் சைனியமும் ஆங்கிலக் கும்பினியின் கர்னல் ஸ்மித்தின் சைனியமும் செங்கத்தில் பொருதிய நாள் முதல், கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாது உறுமும் இந்நாள் வரை, வண்டி வாகனங்களோடு வாழ்ந்து பழகிய ஊர். ஓசூரிலும் பர்கூரிலும் தொழிற்பேட்டைகள் பெருகி, போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் எழுந்துவிட்ட இக்காலத்தில், கேழ்வரகும் நிலக்கடலையும் விளைந்த கொல்லைகளில் கல் நட்டு ‘நகர்’ என்று பெயரிடுகிறார்கள். அங்கே மனை வாங்கி வீடு கட்டியவர்களுள் ஆசிரியர்களும் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்களும் உண்டு. கடன்பட்டு, ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் ரிக் வண்டி, டிப்பர், ஜேசிபி, நெல் அறுக்கும் மிஷின் என்று ஏதேனும் ஒன்றை வாங்கி அதைக் கொண்டே ஜீவனம் செய்பவர்களும் உண்டு. “போர் வண்டி நிற்கிற தெருவில் எவன் மனை வாங்குவான்?” என்று முன்னவர்கள் கேட்கிறார்கள், “என் இடம், என் வண்டி, உனக்கென்ன?” என்று பின்னவர்கள் கேட்கிறார்கள்.

முன்னவர்களின் கவலையை அற்பமென்று நான் தள்ளமாட்டேன். ஆயுட்காலச் சேமிப்பையெல்லாம் இரண்டரை சென்ட் பூமியில் போட்டுவிட்டவனுக்கு அதன் விலை குறையுமென்ற பயம் நியாயமானதே. ஆனால் அந்த விலையை ஏற்றுவதும் இறக்குவதும் எது? பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு 2017 ஜூனில் 33 சதவீதம் குறைந்ததும், 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கு ஏறியதும் சர்க்கார் உத்தரவினால்தான். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது, 2017இல் வரன்முறை விதிகள் வந்து வழி திறக்கும் வரை அத்தகைய மனையை விற்க முடியாமல் தவித்தவர்களின் கஷ்டம் அண்டை வீட்டு லாரியால் நேர்ந்ததன்று. மனை பார்க்க வருபவன் முதலில் கேட்பது பட்டாவையும் அங்கீகாரத்தையும். அதற்கடுத்த கேள்வி, எத்தனை அடியில் தண்ணீர் என்பது. அத்தண்ணீரைக் கண்டு சொல்வது யார்? மழை மறைவுப் பிரதேசமான எங்கள் ஊத்தங்கரைத் தாலுகாவில், வீட்டுக்கு அஸ்திவாரக் குழி தோண்டுமுன் மனைக்குள் வருவது அந்த ரிக் வண்டிதான். அது வரும் நாளில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி வரவேற்றவர்களே, கிரகப்பிரவேசம் ஆனபின் அது எதிர்வீட்டில் நிற்பது அவலட்சணமென்று முகஞ்சுளிப்பதைக் காண எனக்குச் சற்றுச் சிரிப்பும் வருகிறது.

இப்படிச் சொன்னதனால் வண்டிக்காரர்களின் கட்சிக்கு நான் வக்காலத்து வாங்கிவிட்டேனென்று தாங்கள் கருதலாகாது. மனைப்பிரிவின் வீதி, அங்கீகாரம் பெறும்போதே தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்கு ஒப்படைக்கப்படுகிறது. ஆகவே வாசலுக்கு எதிரே உள்ள வீதி வாசலுக்குரியவன் சொத்தாகாது. இருபத்து மூன்று அடி வீதியில் எட்டடி அகலமுள்ள ரிக் வண்டி ஒருபுறமும், கம்பிகளைச் சுமந்து அதனுடன் வரும் அதே அகலமுள்ள சப்போர்ட் லாரி மறுபுறமும் நின்றால் மிஞ்சுவது ஏழடி. அதில் தீயணைப்பு வண்டி நுழையாது, ஆம்புலன்ஸ் நுழைவதும் கஷ்டம். விடியுமுன் நான்கு மணிக்கு இன்ஜினைக் கிளப்பிக் கம்ப்ரஸரைப் பரீட்சிப்பதும், கிரீஸும் பழைய ஆயிலும் வழிந்து பக்கத்து வீட்டுக் கோலத்தின் மேல் ஓடுவதும் எவ்வித உரிமையிலும் சேர்ந்தவையல்ல. பொது இடத்தில் பிறருக்கு அபாயமோ தடையோ தகாத அசௌகரியமோ உண்டாக வண்டியை நிறுத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடுக்கிறது. அதை அமல்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அதே வீதியில் பகலிரவாக நிற்கும் வெள்ளைக் காருக்கும் அதே சட்டம் பொருந்த வேண்டும். பார்வைக்கு அழகாயிருக்கும் தடை, தடையாகாமல் போய்விடாது.

தன் சொந்த மனைக்குள், மதிலுக்கு உட்புறம் நிறுத்தப்படும் வண்டியைப் பற்றிய கேள்வி வேறு. அமெரிக்காவில், ப்ளோரிடா மாநிலத்துக் கோரல் கேபிள்ஸ் என்னும் செல்வர் நகரத்தில், பிக்அப் என்னும் சிறு சரக்கு வண்டியை இரவில் கூரைக்கு வெளியே நிறுத்தலாகாதென்ற விதி நெடுங்காலம் இருந்தது. ஊரின் அழகைக் காக்க இயற்றப்பட்ட அவ்விதி செல்லுமென்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தும், 2012இல் அவ்வூர் வாக்காளர்களே அதைத் தளர்த்தினார்கள். 2024இல் அம்மாநிலச் சட்டசபை, வீட்டுச் சங்கங்கள் உறுப்பினரின் சொந்த முற்றத்திலுள்ள பிக்அப்பைத் தடுக்கலாகாதென்றும் சட்டம் செய்தது. கனரக வர்த்தக வண்டிகளுக்கு மட்டும் அச்சலுகையை நீட்டவில்லை. மனைவிலையை வேதமாக மதிக்கும் அத்தேசத்திலேயே இப்படியிருக்க, உழைப்பவன் வண்டி அவன் மதிலுக்குள் நிற்பதைப் பக்கத்து மனையின் விலையைக் காரணம் காட்டித் தடுப்பது நமக்கு ஏற்றதென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகையால் என் வேண்டுகோள், உருவத்தையும் பெயரையும் பார்த்து வண்டிகளை விலக்கும் உத்தரவு எதையும் பிறப்பிக்காமல், அகலம், சத்தம், நேரம், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைப் பார்த்து விதி செய்யுங்கள் என்பதே. அத்துடன் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: ரிக் வண்டிக்காரன் தன் வண்டியை வாசலில் நிறுத்துவது ஆடம்பரத்துக்காக அல்ல. வெளியே விட்டால் டீசலும் பாட்டரியும் இரவோடிரவாகக் களவு போகும், மாதத் தவணையோ நிற்காது. வண்டிப்பேட்டை அமைத்துக் கட்டணம் வசூலிக்க ஊராட்சிச் சட்டத்தில் இடமிருக்கிறது. வண்டிகள் நிற்கும் இடங்களைக் குறிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு வழி செய்கிறது. நெடுஞ்சாலையை ஒட்டிய புறம்போக்கில் விளக்கும் காவலாளும் உள்ள ஓரிடத்தை எங்களுக்கு ஒதுக்கித் தாருங்கள். ஏரிக்கரையருகே மட்டும் வேண்டாம். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஏரி நிரம்பி வழிந்த வெள்ளத்தில் சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் அடித்துச் செல்லப்பட்டதை இந்த ஜில்லா முழுதும் அறியும்.

அப்படி ஓரிடம் அமைந்தபின், வீதியை மறித்து நிற்கும் கனரக வண்டிக்குத் தயங்காமல் அபராதம் விதியுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

இங்ஙனம்,
சிங்காரப்பேட்டைவாசி ஒருவன்