கேட்கும் காதும் சொல்லும் நாவும்

வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று சொல்லும் புத்தகங்களுக்கு நகரத்துக் கடைகளில் எப்போதும் குறைவில்லை. பெரிய மனிதர்களின் இளமைக் காலத்தை எடுத்துக்காட்டி, நீங்களும் இவ்வாறே உயரலாம் என்று அவை நம்பிக்கையூட்டுகின்றன. மண்சரிவினால் வீட்டையும் மரக்கறிக் கொல்லையையும் இழந்து, உறவினர் வீட்டிலோ தற்காலிகக் கொட்டிலிலோ நாட்களைக் கழிக்கும் ஒரு குடும்பத்திற்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. தன்னம்பிக்கை மட்டும் இருந்தால் ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி கிடைத்துவிடாது.

இருந்தபோதிலும், பெயர் பெற்றவர்களின் ஆரம்ப காலத்தில் நமக்கு உதவக்கூடிய ஒரு பாடம் இருக்கின்றது. அவர்கள் எவ்வாறு பணம் சேர்த்தார்கள், பதவி பெற்றார்கள் என்பதல்ல அப்பாடம். மற்றவர்களிடம் எவ்வாறு பேசக் கற்றுக்கொண்டார்கள் என்பதே அது. இதற்காக நாம் வெகுதூரம் போகத் தேவையில்லை. நமது மலைநாட்டில் கால் பதித்த சிலரையே எடுத்துக்கொள்வோம்.

லிப்டனும் கொழுந்தும்

அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்திலுள்ள லிப்டன் சீட் என்ற இடத்தை அறியாதவர் ஊவாவில் இல்லை. அந்தப் பெயருக்குரிய தோமஸ் லிப்டனின் பெற்றோர் அயர்லாந்தின் சிறு விவசாயிகள். 1840களில் ஏற்பட்ட பெரும் பஞ்சத்தினால் ஊரைவிட்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு வந்து ஒரு சிறு கடை வைத்துப் பிழைத்தவர்கள். நம்மைப் போன்றே நிலத்தை இழந்த குடும்பம் என்று சொல்லலாம். மகன் சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு, அமெரிக்காவுக்குச் சென்று புகையிலைத் தோட்டத்திலும் நெல் வயலிலும் கூலி வேலை செய்தார். பின்னர் நியூயோர்க் நகரின் ஒரு பெரிய கடையில் வேலைக்கமர்ந்து, வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுகிறார்கள், பொருட்களை எப்படிக் காட்சிக்கு வைக்கிறார்கள் என்று கவனித்தார். ஊர் திரும்பி 1871இல் கிளாஸ்கோவில் தமது முதற் கடையைத் திறந்தார். 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை வாங்கி, தேயிலையைச் சிறு பைக்கற்றுகளில் அடைத்து, சாதாரண தொழிலாளியும் வாங்கக்கூடிய விலையில் விற்றார்.

வாங்குபவர் யார், அவரால் எவ்வளவு கொடுக்க முடியும், அவருக்குப் புரியும் சொல் எது என்று முதலில் அறிந்துகொண்டு பின்னர் பேசியதுதான் அவரது கெட்டித்தனம். ஆனால் இன்னொன்றையும் நாம் மறந்துவிடக் கூடாது. அவரது விளம்பரங்கள் உலகமெங்கும் பேசின. அந்தக் கொழுந்தைப் பறித்த கைகளின் கதையோ வெகுகாலம் பேசப்படவேயில்லை. பொருளை விற்பதற்கான பேச்சு வேறு. மக்களுக்காகப் பேசும் பேச்சு வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

நாவெழாத வழக்கறிஞர்

1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் பதுளையிலும் பேசினார். அவரைக் காண மக்கள் திரண்டார்கள். ஆனால் அவர் பிறவிப் பேச்சாளர் அல்லர். 1891இல் வழக்கறிஞராகி இந்தியா திரும்பிய அவர், பம்பாயின் சிறு வழக்கு நீதிமன்றத்தில் தமது முதல் வழக்கிலேயே எழுந்து நின்று பேச முடியாமல் தலை சுற்றி அமர்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாவையும் திருப்பிக் கொடுத்தார்.

1893இல் தென்னாபிரிக்காவுக்குப் போன பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. பிரிட்டோரியா நகரில் இந்தியர்களை ஒன்றுகூட்டி, அவர்களது கஷ்டங்களைக் கேட்டறிந்தார். ஆங்கிலம் படிக்க விரும்பிய ஒரு முடிதிருத்துபவருக்கும் ஒரு கிளாக்கருக்கும் ஒரு சிறு கடைக்காரருக்கும் அவர்களுடைய இடத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார். தமக்காகப் பேச வேண்டியிருந்தபோது எழாத நா, மற்றவர்களின் துன்பத்தைச் சொல்ல வேண்டியிருந்தபோது எழுந்தது.

1894இல் நேட்டால் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கச் சட்டம் வந்தபோது, சுமார் 10,000 கையொப்பங்களுடன் ஒரு மகஜர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. அப்போது தொண்டர்களுக்கு ஒரு கட்டளை இடப்பட்டிருந்தது: மகஜரில் எழுதப்பட்டிருப்பதை முழுமையாக விளங்கிக்கொள்ளாத எவரிடமும் கையொப்பம் வாங்கக் கூடாது. முதலில் அந்தச் சட்டத்திற்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் 1896இல் வேறொரு சட்டத்தினால் அதே உரிமை பறிக்கப்பட்டது. ஆகவே நல்ல மகஜர் எழுதினால் எல்லாம் கைகூடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தாம் எதற்காகக் கையொப்பமிட்டோம் என்று அறிந்த மக்கள் பின்னர் பல்லாண்டுகள் சேர்ந்து நின்றார்கள். அதுவே அம்மகஜரின் பெரிய பலன்.

புடவை மூட்டையும் பாட்டும்

நமக்கு மிகவும் நெருக்கமானவர்கள் கோ. நடேசய்யரும் அவரது துணைவியார் மீனாட்சி அம்மையாரும் ஆவர். தஞ்சாவூரில் வணிகம் கற்பித்து, 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்திய நடேசய்யர், தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரில் அறிய விரும்பினார். அக்காலத்தில் வெளியார் எவரும் துரையின் அனுமதியின்றித் தோட்டத்திற்குள் காலடி வைக்க முடியாது. எனவே அவர் புடவை வியாபாரி வேடத்தில் லயன்களுக்குப் போனார். முதலில் சொற்பொழிவு செய்யவில்லை. பார்த்தார், கேட்டார், குறித்துக்கொண்டார்.

அதன் பின்னரே 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளில் எழுதினார்; சட்டநிரூபண சபையிலும் பேசினார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்தார். துரைமார் கோபித்தார்கள். ஆனால் அவர் சொன்ன விபரங்களைப் பொய்யென்று தள்ளிவிடுவது இலகுவாக இருக்கவில்லை.

வாசிக்கத் தெரியாத மக்களுக்குப் பத்திரிகை மட்டும் போதாது என்பதை மீனாட்சி அம்மையார் உணர்ந்திருந்தார். அவர் கூட்டங்களில் பாடினார். மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில், அவர்களுடைய பேச்சுச் சொற்களில், சம்பளத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் பாட்டுகள் இயற்றி, சிறு நூலாகவும் வெளியிட்டார். ஒரு பெண் மேடையேறுவதே அபூர்வமாக இருந்த காலம் அது. நமது குடும்பங்களில் வீட்டின் கஷ்டத்தை நன்கறிந்தவர்கள் பெண்கள். ஆனால் காரியாலயக் கூட்டங்களில் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்களே. இந்த நிலை மாற வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

பேசாதவர் குற்றமா?

"இந்த மக்களுக்குப் பேசத் தெரியாது, அதனால்தான் எதுவும் கிடைக்கவில்லை" என்று சிலர் கூறுவதுண்டு. இதை நாம் ஏற்றுக்கொள்ள முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சொல் இருந்தது, செயல் இருக்கவில்லை. உயிர் தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மீண்டும் மண்சரிவுகளால் தாக்கியது. பேசுவது மக்களின் பொறுப்பென்றால், கேட்பதும் கேட்டதைச் செய்வதும் அதிகாரத்திலிருப்போரின் பொறுப்பு. நன்றாகப் பேசுபவருக்கு மட்டும் வீடு என்றால் அது நிவாரணமாகாது.

ஆயினும் கேட்க மறுப்பவர்களைக் கேட்க வைப்பதற்கு நம்மிடம் சில வழிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவோம்.

நாம் செய்யக்கூடியவை

காரியாலயத்திற்குப் போகுமுன் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஒன்றாக அமர்ந்து விபரங்களை ஒரு கொப்பியில் எழுத வேண்டும். எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள், எந்தத் திகதியில் வெளியேறினோம், எவ்வளவு நிலத்தில் என்ன பயிரிட்டிருந்தோம், எத்தனை மாடுகள் இருந்தன என்று தனித்தனியே குறிக்க வேண்டும். "எல்லாம் போய்விட்டது" என்ற சொல் மனதைத் தொடும். ஆனால் உத்தியோகத்தரின் கோவையில் அதை எழுத முடியாது.

விளங்காத தாளில் கையொப்பமிடக் கூடாது. பிறரையும் இடச் சொல்லக் கூடாது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டட்டும்.

தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியானது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழிப் பிரிவுகளாகவும் பிரகடனப்படுத்தப்பட்டன. அதேவேளை அயலிலுள்ள சிங்களக் கிராமத்தவரும் அதே மழையில் அதே காணியை இழந்தவர்கள். அவர்களுடன் சேர்ந்து அவர்கள் மொழியிலும் பேசிக் கோரிக்கை வைத்தால் அதற்குப் பலம் கூடும்.

கொடுத்த கடிதத்தின் பிரதியும் திகதியும் நம்மிடம் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, நமது பெயர் பயனாளிகள் பட்டியலில் உள்ளதா, நமது இடத்தைப் பற்றிய அறிக்கை என்ன சொல்கிறது என்று எந்தப் பிரசையும் கேட்கலாம். கோரிக்கை கொடுக்கக் கட்டணம் இல்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது தகவல் உத்தியோகத்தரின் கடமை.

லிப்டன் செல்வந்தரானார்; காந்தியடிகள் மகாத்மாவானார்; நடேசய்யர் ஒரு சமூகத்தை எழுப்பிவிட்டு 1947இல் மறைந்தார். நாம் அவர்களைப் போல் ஆக வேண்டியதில்லை. அடுத்த மழைக்காலத்திற்கு முன் பாதுகாப்பான ஒரு காணி, அதில் ஒரு வீடு, நான்கு பாத்தி போஞ்சி நடுவதற்கு இடம், இவையே நாம் கேட்பவை. இவற்றைத் தெளிவாகவும் கூட்டாகவும், பதில் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பவும் கேட்போம்.