சைத்ர மாதத்து வெள்ளரிக்காய்

புனேக்கு அருகிலுள்ள எங்கள் சிஞ்ச்வட்டில் கோடை முற்றிவிட்டது என்பதை அறிய வானிலை அறிக்கை எதுவும் வேண்டியதில்லை. பவனா அணையில் எஞ்சியிருக்கும் நீரின் கணக்கை மராட்டி நாளிதழ்கள் முதற்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அதுவே போதுமான அறிவிப்பு. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் எங்கள் மாநகராட்சி தொடங்கிய ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர் என்னும் ஏற்பாடு, அதற்குப் பின் எத்தனையோ மழைக்காலங்கள் வந்து அணையை நிரப்பிச் சென்ற போதிலும் நீங்காமல் நிலைத்துவிட்டதைப் பற்றியே இவ்வாரம் விரிவாக எழுதுவதென்று உட்கார்ந்தேன். ஆனால் அன்று விடியற்காலையில்தான் மொட்டைமாடித் தோட்டத்தில் இவ்வருஷத்து முதல் வெள்ளரிக்காயைப் பறித்திருந்தேன்; அந்தச் சந்தோஷம் மனத்தை நிறைத்திருக்கையில் அணைக்கணக்கில் புத்தி செல்லவில்லை.

இரண்டு விஷயங்களுக்கும் சம்பந்தம் இல்லாமலும் இல்லை. வெள்ளரிக்காயில் 100-க்கு 95 பங்கு நீரே. கொடிக்குத் தண்ணீர் தவறி, அதன்மேல் தக்காணத்து வறண்ட காற்றும் வீசினால், கசப்புச் சத்து காயில் ஏறி, காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும் தங்கிவிடுகிறது. ஆகையால் குழாய் வராத நாட்களில் அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் எங்கள் வீட்டில் ஒரு சொட்டுக்கூடச் சாக்கடைக்குப் போவதில்லை. காயைப் பறிப்பதும் வெயில் ஏறுமுன் நடக்க வேண்டும். இரவின் குளிர்ச்சியை உண்டு விறைப்பாக நிற்கும் காய்க்கும், பிற்பகலில் வாடித் துவண்ட காய்க்கும் உள்ள தாரதம்மியம் நாக்குக்குத் தெரியுமுன்னே விரலுக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் காயை எப்படிப் பக்குவம் செய்வது என்பதில், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஆஜியையே, அதாவது மராட்டிப் பாட்டியையே, நான் குருவாகக் கொண்டிருக்கிறேன் என்பதை இப்பத்தியை விடாமல் படிப்பவர்கள் அறிவார்கள். அவர் வெள்ளரிக்காயைத் துருவ மாட்டார். துருவினால் காய் நசுங்கி, இலையில் பரிமாறுமுன்னே நீர்த்துவிடும் என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம். தோல் சீவிய காயை இடக்கையில் பிடித்து, கத்தியின் வாயால் அதன்மேல் நெருக்கமாகக் கொத்திக்கொண்டே சுற்றிவந்து, பின்பு மேலாகச் சீவுவார். சன்னமான துணுக்குகள், ஒவ்வொன்றும் தன் விறைப்பை இழக்காமல், தட்டில் உதிரும். கோச்சவ்ணே என்று இதற்கு இங்கே பெயர். பிறகு வறுத்துத் தோல் நீக்கிக் கரகரப்பாகப் பொடித்த வேர்க்கடலை, பச்சைமிளகாய், கொத்துமல்லித் தழை, எலுமிச்சம்பழச் சாறு, சிட்டிகை சர்க்கரை. அதன்மேல் நெய்யில் சீரகம் தாளித்துக் கொட்டினால் ஆயிற்று. உப்பை மட்டும் எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகே போடுவார். ‘மீட் ஷேவட்டீ’ என்பார், உப்பு கடைசியில். உப்புப் பட்ட கணத்திலேயே காய் தன் நீரை வெளியே விடத் தொடங்கிவிடுகிறதென்பதால், இந்த ஒரு விதியை அவர் யாருக்காகவும் எந்த விசேஷத்துக்காகவும் தளர்த்தியதில்லை.

இதை எழுதும்போது, பலமுறை எழுதியும் ஆறாத என் மனக்குறை மறுபடியும் மேலெழுகிறது. ஓட்டல்களில் சாலட் என்ற பெயரால் ஒரு தட்டு வருகிறதே, காலையிலேயே கனத்த வட்டங்களாக நறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்த வெள்ளரிக்காயும், வெங்காயமும், ஓரம் காய்ந்த தக்காளியும், அவற்றின் நடுவே பாதி எலுமிச்சம்பழமுமாக, அதைக் கண்டால் எனக்குத் துக்கமாக இருக்கிறது. கோடைமலர் வெளியிடும் பத்திரிகைகளோ, இந்த மண்ணில் இந்த மாதத்தில் எந்த வீட்டுத் தொட்டியிலும் விளையாத இலைகளின் பெயர்களையும், பாட்டிலில் அடைத்துக் கடல் கடந்து வரும் எண்ணெய்களின் பெயர்களையும் அடுக்குகின்றன. பச்சைக் காய்கறியை நெருப்பில் வைக்காமல் உண்ணும் கலையை நாம் பிறரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பாவனை அந்தப் பக்கங்கள் முழுவதும் விரவியிருக்கிறது. வெள்ளரிக்காய் என்னும் பதார்த்தமே, இமயமலைச் சாரலில் கசப்புக் காயாகக் காட்டில் திரிந்த ஒரு கொடியை இந்நாட்டு மக்கள் வீட்டுக்கொடியாகப் பழக்கி உலகத்துக்கு வழங்கியதன்றோ?

நம் சமையலை நமக்கே எழுதிவைத்த ‘சமைத்துப் பார்’ புத்தகத்தைப் பற்றி நான் அடிக்கடி எழுதுவதாகச் சிலர் சொல்வதுண்டு. இன்னும் எழுதுவேன். எஸ். மீனாக்ஷி அம்மாள், இளம் வயதிலேயே கணவரை இழந்து குடும்பப் பொறுப்பைத் தாங்கிய ஓர் அம்மையார், 1951-இல் அதை வெளியிட்ட காலத்தில், நம் வீடுகளில் சமையல் என்பது அருகே நின்று பார்த்து, கையளவாலும் கண்ணளவாலும் கற்றுக்கொள்ளும் வித்தையாகவே இருந்தது. அருகே நிற்பதற்குத் தாயோ மாமியோ இல்லாத தூரதேசங்களுக்கு உத்தியோக நிமித்தம் குடிபெயர்ந்த பெண்களுக்கு அந்த வித்தை கைக்கெட்டாமற் போகவிருந்த தருணத்தில், அளவும் நேரமும் வரிசையும் குறித்து எழுத்தில் வைத்துக் கொடுத்த உபகாரத்துக்கு ஈடாக வேறொன்றை நினைக்க முடியவில்லை. பிம்ப்ரியிலும் ஆகுர்டியிலும் தொழிற்சாலைகள் எழுந்து தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கிய நாட்களில், கலியாணச் சீரோடு சேர்ந்து அந்தப் புத்தகமும் பெட்டிக்குள் வந்திருக்கிறது. என் மாமியாரின் பிரதியில், மஞ்சள் கறை படியாத பக்கம் ஒன்றுகூட இல்லை.

ஆஜியின் வீட்டிலும் அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது. கமலாபாய் ஓகலே மராட்டியில் எழுதி 1970-இல் வெளிவந்த ‘ருசிரா’. எந்த வீட்டிலும் கைக்கு எட்டும் வாட்டி, அதாவது சிறு கிண்ணம், அதையே அளவாக வைத்து எழுதப்பட்டது அது. ஒருவரையொருவர் அறியாத இரு பெண்மணிகள், இரண்டு பாஷைகளில், ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். ஒரு பிற்பகல் முழுவதும் நானும் ஆஜியும் இரண்டு நூல்களையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பேச்சு சைத்ர மாதத்து விசேஷத்துக்குப் போயிற்று. குடீபாட்வாவை அடுத்து வரும் திருதியை முதல் அட்சய திருதியை வரையில் இங்கே வீடுகளில் கௌரியை ஊஞ்சலில் எழுந்தருளச் செய்து, ஒரு நாள் பிற்பகலில் அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுக்கிறார்கள். அப்போது பரிமாறப்படுவது ஆம்பே டாள்: ஊறவைத்த கடலைப்பருப்பைச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்து, துருவிய மாங்காய் சேர்த்து, கடுகும் பெருங்காயமும் தாளித்த பதார்த்தம், குடிக்க, வேகவைத்த மாங்காயில் வெல்லம் கரைத்த பன்ஹே. இதே மாதத்தின் வளர்பிறை நவமியில்தான் நம் ஊரில் பானகமும் நீர்மோரும், பயத்தம்பருப்பை ஊறவைத்து வெள்ளரிக்காயும் மாங்காயும் தேங்காயும் கலந்த கோசுமல்லியும் வழங்குகிறோம். ஊறிய பருப்பு, மாங்காய், கடுகு, வெல்லநீர், வந்தவர் எல்லோருக்கும் கொடுப்பது: ஸ்ரீராமநவமிக்குத் தஞ்சாவூர்த் தெருவில் திண்ணைதோறும் வாங்கிக் குடித்து வளர்ந்த எனக்கு, ஆஜியின் கூடத்தில் அந்தக் கிண்ணத்தை வாங்கியபோது, பிறந்த வீட்டிலேயே இருப்பதாகத் தோன்றியது.

அந்தத் தஞ்சாவூரை மராட்டியரான ஏகோஜியின் வம்சத்தார் சுமார் 180 ஆண்டுகள், 1855-இல் ராஜ்யம் கம்பெனியார் வசமாகும் வரையில், ஆண்டார்கள். இரண்டாம் சரபோஜி மன்னரின் பெயரால் வழங்கும் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்ற மராட்டிச் சமையல் நூலைச் சரஸ்வதி மகால் நூலகம் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அரண்மனைச் சுவடியைக் காட்டிலும் எனக்கு அதிக நிச்சயத்தைத் தருவது டாங்கர் பச்சடி. உளுத்தமாவைத் தயிரில் கரைத்துக் கடுகு தாளிக்கும் அந்தப் பச்சடி தஞ்சை ஜில்லா வீடுகளில் வெகு சாதாரணம். இங்கே அதைச் செய்து கொண்டுபோய் ஆஜியிடம் கொடுத்தபோது, எங்களுடைய டாங்கர் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். வெங்காயம் போடாததை மட்டும் குறையாகச் சொன்னார். அரசர்கள் போய், பாஷையும் தெருக்களில் தேய்ந்து, அடுப்படியில் மட்டும் ஓர் உறவு அறுபடாமல் நிற்கிறது.

கோசுமல்லியையும் ஆஜியின் வெள்ளரிக்காய்ப் பதார்த்தத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் இன்னொன்றும் விளங்குகிறது. இரண்டும் ஒரே சங்கடத்துக்குக் கண்ட பரிகாரங்கள். காய் விடும் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ள நாம் பருப்பையும் தேங்காயையும் சேர்த்தோம்; இவர்கள் வேர்க்கடலைப் பொடியைச் சேர்த்தார்கள். வேர்க்கடலையோ, பச்சைமிளகாயைப் போலவே, அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின் இந்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு இந்தப் பீடபூமியின் கிண்ணத்தில் அந்த வேலையைச் செய்தது எது? ஆம்பே டாளைப் பார்க்கும்போது, இங்கும் ஊறிய பருப்பாகவே இருந்திருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன்.

வெள்ளரித் துணுக்குகளைப் பிழிந்து நீரை வடித்துவிடச் சொல்லும் ஒரு வழக்கம் இப்போது பரவிவருகிறது. பிழிவதை நான் ஒப்பவில்லை. பருப்போ கடலைப்பொடியோ தாராளமாகப் போட்டால் அதற்கு அவசியமே நேராது. அப்படியும் பாத்திரத்தின் அடியில் தேங்கும் உப்பும் புளிப்பும் காரமும் ஏறிய நீரை, தயவுசெய்து தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு தம்ளர் மோரில் ஊற்றிக் கலக்கி, பெருங்காயப் பொடி ஒரு சிட்டிகை தூவி, வீட்டில் யார் வெயிலிலிருந்து வந்தார்களோ அவர்களுக்கு முதலில் கொடுங்கள்.