கபடி உலகக் கோப்பை: எதிரியே இல்லாமல் வென்றதா இந்தியா?

பன்னாட்டுக் கபடிக் கூட்டமைப்பு நடத்திய ஆண்கள் உலகக் கோப்பையை இந்தியா மூன்று முறை வென்றிருக்கிறது. 2004இல் மும்பையில் 55-27, 2007இல் பன்வேலில் 29-19, 2016இல் அகமதாபாத்தில் 38-29 என்ற புள்ளிக்கணக்கில் அந்த இறுதி ஆட்டங்கள் முடிந்தன. மூன்றிலும் எதிரே நின்ற அணி ஈரான். பெண்கள் அணி 2012இல் பாட்னாவில் ஈரானை 25-19 என்றும், 2025இல் டாக்காவில் சீன தைபே அணியை 35-28 என்றும் வென்று இரண்டு கோப்பைகளைச் சேர்த்தது.

இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசும் கருத்து ஒன்று பரவலாக இருக்கிறது. கபடியை வேறு எந்த நாடும் ஒழுங்காக ஆடுவதில்லை. ஒரே நாடு ஜெயிக்கும் போட்டிக்கு உலகக் கோப்பை என்ற பெயர் பொருந்தாது. போட்டிகளும் சொந்த மண்ணில்தான் நடந்தன. இந்தியா தோற்றதே இல்லை. பிறந்தது முதல் ஆடிப் பழகிய ஆட்டத்தில் ஜெயிப்பது பெரிய விஷயமில்லை. இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் அந்தக் கருத்து. விளையாட்டை வெறுப்பவர்களைவிட விரும்புகிறவர்களே இதை அதிகம் சொல்கிறார்கள் என்பதால், ஒவ்வொன்றையும் பதிவான ஆட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

1. “எதிர்த்து ஆட நாடுகளே இல்லை”

2016 உலகக் கோப்பையில் 12 நாடுகள் ஆடின. இந்தியாவின் பிரிவில் தென்கொரியா, வங்கதேசம், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா இருந்தன. மற்றொரு பிரிவில் ஈரான், தாய்லாந்து, ஜப்பான், கென்யா, போலந்து, அமெரிக்கா. இவற்றில் பல அணிகள் புதியவை. அவற்றின் ஆட்டமும் அதைக் காட்டியது. இந்தியா அர்ஜென்டினாவை 74-20 என்றும் இங்கிலாந்தை 69-18 என்றும் வென்றது. அரையிறுதியில் தாய்லாந்துகூட 73-20 என்று தோற்றது. பாகிஸ்தான் அந்தப் போட்டிக்கு அழைக்கப்படவில்லை. அது ஒரு குறை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அதே போட்டியின் தொடக்க ஆட்டத்தில் இந்தியாவைத் தென்கொரியா 34-32 என்று வீழ்த்தியது. இறுதி ஆட்டத்தின் முதல் பாதி முடிந்தபோது ஈரான் 18-13 என்று முன்னிலையில் இருந்தது. சொந்த ரசிகர்கள் நிறைந்த அரங்கில், ஐந்து புள்ளி பின்தங்கிய நிலையில்தான் அனுப் குமார் தலைமையிலான அணி இரண்டாம் பாதிக்குள் நுழைந்தது. அஜய் தாக்கூர் அந்த ஆட்டத்தில் 12 புள்ளிகள் எடுத்துக் கணக்கைத் திருப்பினார். எதிரி இல்லாத ஆட்டத்தில் இப்படி நடக்க வாய்ப்பில்லை.

மூன்று இறுதி ஆட்டங்களின் இடைவெளியையும் வரிசையாகப் பார்க்கலாம்: 28 புள்ளி, 10 புள்ளி, 9 புள்ளி. 2004இல் ஈரான் தோற்ற விதமும் 2016இல் தோற்ற விதமும் ஒன்றல்ல. ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்த நெருக்கம் இன்னும் கூடுதல். 2014இல் இன்ச்சியோனில் நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானை வென்றது 27-25 என்று, இரண்டே புள்ளி வித்தியாசத்தில்.

2. “ஒரே நாடு ஜெயிக்கும் போட்டி உலகக் கோப்பையா?”

இந்த அளவுகோலை மற்ற விளையாட்டுகளுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். கபடியைப் போலவே உடலோடு உடல் மோதி, ஆளைப் பிடித்து நிறுத்தும் ஆட்டம் ரக்பி. அதன் உலகக் கோப்பை 1987இல் தொடங்கியது. 2023 வரை பத்து முறை நடந்த அந்தப் போட்டியை நான்கு நாடுகள் மட்டுமே வென்றிருக்கின்றன: தென்னாப்பிரிக்கா நான்கு முறை, நியூசிலாந்து மூன்று முறை, ஆஸ்திரேலியா இரண்டு முறை, இங்கிலாந்து ஒரு முறை. பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் வகையில் ஆஸ்திரேலியா மட்டும் 12 உலகக் கோப்பைகளை வைத்திருக்கிறது. 1954இல் நடந்த அதன் முதல் உலகக் கோப்பையில் ஆடியவை நான்கே அணிகள். அதனால் அந்தக் கோப்பையை யாரும் கோப்பை இல்லை என்று சொல்வதில்லை.

ஒருதலைப்பட்சமான ஆட்டங்களும் ரக்பியில் இருந்திருக்கின்றன. 1995 உலகக் கோப்பையில் நியூசிலாந்து ஜப்பானை 145-17 என்று தோற்கடித்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2015இல், அதே ஜப்பான் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வீழ்த்தியது. தென்கொரியா அகமதாபாத்தில் இந்தியாவை வென்றதும் சரியாக அதே புள்ளிக்கணக்கில்தான். பெரிய தோல்விகளைத் தாங்கிய நாடுகள் பின்னர் பெரிய அணிகளைச் சாய்ப்பது எல்லா விளையாட்டும் கடந்து வந்த பாதை. கபடி அந்தப் பாதையின் தொடக்கத்தில் நிற்கிறது. அர்ஜென்டினாவின் 20 புள்ளிகளைக் காட்டி இந்தியாவின் கோப்பையை மதிப்பற்றது என்பவர்கள், ஜப்பானின் 17 புள்ளிகளையும் நினைவில் வைக்க வேண்டும்.

வலிமை இருந்தால் கோப்பை தானாக வந்துவிடும் என்ற எண்ணத்தையும் ரக்பியே பொய்யாக்குகிறது. முதல் உலகக் கோப்பையை வென்ற நியூசிலாந்து, அடுத்த கோப்பைக்காக 2011 வரை 24 ஆண்டுகள் காத்திருந்தது. இடைப்பட்ட காலத்திலும் உலகின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றாகவே அது இருந்தது. ஆனாலும் 1995 இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவிடமும், 1999 அரையிறுதியிலும் 2007 காலிறுதியிலும் பிரான்சிடமும் தோற்று வெளியேறியது. உலகக் கோப்பையில் ஒரு நாள், ஓர் ஆட்டம் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். அந்த நாளில் தவறாமல் ஜெயிப்பது தனித் திறமை.

3. “சொந்த மண்ணில் வென்றது கணக்கில் சேராது”

ஆண்களுக்கான மூன்று உலகக் கோப்பைகளும் இந்தியாவிலேயே நடந்தன என்பது உண்மை. பழகிய அரங்கும் கூட்டத்தின் ஆரவாரமும் உதவியாக இருந்திருக்கும். ஆனால் சொந்த மண் என்பதற்காகக் கோப்பையைத் தள்ளிவைத்தால், கால்பந்து உலகக் கோப்பையின் முதல் இரண்டு பட்டங்களையும் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். 1930இல் உருகுவேயும் 1934இல் இத்தாலியும் தங்கள் நாட்டில்தான் வென்றன. அந்த 1930 போட்டியில் ஆடியவை 13 நாடுகள். தகுதிச் சுற்று எதுவும் இல்லை.

வெளிநாட்டில் இந்தியா எப்படி ஆடியது என்பதற்கும் பதில் இருக்கிறது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி 1990இல் பெய்ஜிங்கில் பதக்க ஆட்டமாகச் சேர்ந்தது. அதன் பிறகு ஹிரோஷிமா, பாங்காக், பூசான், தோஹா, குவாங்சோ, இன்ச்சியோன் என்று, பெய்ஜிங்கையும் சேர்த்து 2014 வரை ஏழு போட்டிகள். ஒன்றுகூட இந்திய மண்ணில் நடக்கவில்லை. ஏழிலும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்கே. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் தங்கம் வென்றது 1994இல் ஹிரோஷிமாவில். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025இல் எடுத்த ‘பைசன் காளமாடன்’ படம் வழியாக அந்தத் தங்கத்தின் விலை என்ன என்பது தமிழ்நாட்டுக்கு மீண்டும் தெரியவந்தது. பெண்கள் அணியின் இரண்டாவது உலகக் கோப்பையும் வங்கதேசத் தலைநகரில்தான் வெல்லப்பட்டது.

4. “இந்தியா கபடியில் தோற்றதே இல்லை”

இது புகழ்ச்சியாகச் சொல்லப்படும் வாக்கியம். ஆனால் சாதனையைச் சிறுமைப்படுத்துவதில் இதுவும் முந்தைய வாதங்களுக்குச் சளைத்ததல்ல. தோல்வியே இல்லை என்றால், வெற்றிக்கு உழைப்பு எதுவும் தேவைப்படவில்லை என்றாகிவிடுகிறது.

2016இல் தென்கொரியாவிடம் தோற்றது மேலே சொல்லப்பட்டது. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே தென்கொரியா இந்தியாவை 24-23 என்று வென்றது. அரையிறுதியில் ஈரான் 27-18 என்று இந்தியாவை வெளியேற்றியது. 28 ஆண்டுகள் கைவிடாத தங்கம் போய், வெண்கலம் மட்டுமே மிஞ்சியது. அதே போட்டியின் பெண்கள் இறுதி ஆட்டத்திலும் ஈரான் 27-24 என்று ஜெயித்தது. அந்த ஈரான் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சைலஜா ஜெயின்.

ஹாங்சோவில் 2023 அக்டோபரில் இரண்டு தங்கங்களும் திரும்பக் கிடைத்தன, எளிதாகக் கிடைக்கவில்லை. பெண்கள் அணி சீன தைபேயை 26-25 என்று ஒரே புள்ளியில் வென்றது. ஆண்கள் இறுதி ஆட்டம் 28-28 என்று இருந்தபோது, ஒரு ரெய்டுக்கு யாருக்கு எத்தனை புள்ளி என்ற தகராறில் நீண்ட நேரம் நின்றுபோய், பிறகு 33-29 என்று முடிந்தது.

பெயர்க் குழப்பமும் இந்த வாக்கியத்துக்குள் புகுந்திருக்கிறது. உலகக் கோப்பை என்ற பெயரில் வெவ்வேறு போட்டிகள் நடக்கின்றன. பஞ்சாப் அரசு 2010இல் தொடங்கியது வட்டக் களத்தில் ஆடும் பஞ்சாபி வகைக் கபடிக்கான போட்டி. அந்த வகையில் 2020இல் லாகூரில் நடந்த கோப்பையைப் பாகிஸ்தான் 43-41 என்று வென்றது. அங்கே ஆடிய இந்திய அணிக்கு அதிகாரபூர்வ ஒப்புதல் இல்லை. 2025இல் இங்கிலாந்தில் நடந்த போட்டியை நடத்தியதும் வேறோர் அமைப்பு. இவற்றின் வெற்றி தோல்விகளை ஒன்றாகக் கூட்டி எண்ணுவதால், சாதனை பெரிதாகவும் தெரிவதில்லை, சரியாகவும் தெரிவதில்லை. செவ்வகக் களத்தில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் வகையின் கணக்கைத் தனியாக வைத்துத்தான் பேச வேண்டும்.

5. “நம்ம ஊர் ஆட்டம்தானே, பழக்கமே போதும்”

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை போன்ற ஊர்களில் ஒரு பையன் கபடியைக் கற்பது மண்தரையில், வெறுங்காலில். அங்கே கிடைக்கும் மூச்சுக்கட்டும் துணிச்சலும் பிற்காலத்துக்கு உதவும் முதலீடுதான். ஆனால் உலகக் கோப்பை ஆடப்படுவது 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட செயற்கை விரிப்பில், காலணியோடு. ஆணுக்கு எடை 85 கிலோவைத் தாண்டக்கூடாது. பாடிப் போகிறவருக்கு 30 வினாடிதான் நேரம்; அதற்குள் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். எதிரணியில் ஆறு அல்லது ஏழு பேர் களத்தில் இருக்கும்போதுதான் போனஸ் கோடு பயன் தரும். எதிரணி முழுவதையும் வெளியேற்றினால் லோனாவாக இரண்டு புள்ளி கூடுதல். மண்ணில் சறுக்கித் தப்பித்த கால், விரிப்பில் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்புக்கு ஏற்ப உடலைத் திரும்பப் பழக்காமல், ஊர்த் திடலின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உலகக் கோப்பையை வெல்ல முடியாது. 2016 அணியில் ஆடிய தஞ்சாவூர்ப் பகுதித் தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் தேசிய அணியில் இடம்பிடித்தது பல ஆண்டுப் பயிற்சியால்.

நம் ஆட்டம் என்ற உரிமை வெற்றிக்கு உத்தரவாதம் தராது என்பதற்கு ஹாக்கியைவிடக் கசப்பான சான்று இந்தியாவில் இல்லை. 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கங்களை வென்ற நாடு, ஹாக்கி உலகக் கோப்பையை வென்றது ஒரே ஒரு முறை, 1975இல். புல்தரை போய்ச் செயற்கைத் தரை வந்தபோது இந்திய ஹாக்கி பின்தங்கியது. சென்னைக்காரரான வி. பாஸ்கரன் தலைமையில் 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற பிறகு, அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 41 ஆண்டுகள் ஆயின. கபடியும் மண்ணிலிருந்து விரிப்புக்கு மாறியது. அந்த மாற்றத்தை இந்தியக் கபடி தாங்கி நின்றதற்கு, வீரர்களும் பயிற்சியாளர்களும் ஆட்டத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டதே காரணம்.

எதிரணிகளும் சும்மா இருக்கவில்லை. ஈரானில் மல்யுத்தத்துக்கு நெடிய மரபு உண்டு. பிடி ஆட்டத்துக்கு அது உரமானது. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் வெளிநாட்டு வீரர்களை இந்தியாவின் சிறந்த ரெய்டர்களுக்கு எதிரே மாதக்கணக்கில் நிறுத்தியது. ஈரானின் ஃபாசல் அத்ராச்சலி அந்த லீக்கின் மிகச் சிறந்த பிடி ஆட்டக்காரர்களில் ஒருவரானார். தென்கொரியாவின் ஜாங் குன் லீ அங்கே ஆடிப் பழகியவர்தான். 2023இல் புனேரி பல்டன் அணி ஈரானின் முகமதுரெசா ஷாத்லூயியை 2.35 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இந்தியா தன் எதிரிகளுக்குக் கதவைத் திறந்து வைத்தபடியே வென்றுவருகிறது என்பது இந்தச் சாதனையின் மதிப்பைக் கூட்டுகிறது.

சாதனையில் உள்ள உண்மையான குறை

மேலே மறுக்கப்பட்ட ஐந்து வாதங்களும் தொடாத ஒரு குறை இருக்கிறது. ஆண்கள் உலகக் கோப்பை 2004, 2007, 2016 என்று ஒழுங்கற்ற இடைவெளியில் நடந்தது. பெண்கள் கோப்பைக்கு 2012க்கும் 2025க்கும் இடையே 13 ஆண்டுகள் கடந்தன. இப்படி நடக்கும் போட்டியில் ஒரு வீரரின் உச்சக்காலம் உலகக் கோப்பையே காணாமல் கழிந்துவிடலாம். அடுத்த கோப்பை எப்போது என்று தெரியாத கென்யாவும் போலந்தும் அணியைப் பராமரிப்பது கடினம். ரக்பி உலகக் கோப்பை நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை தவறாமல் நடப்பதால்தான் ஜப்பானால் 1995லிருந்து 2015க்கு வளர முடிந்தது. குறை சொல்ல வேண்டிய இடம் இதுதான்; அதற்குப் பொறுப்பு போட்டியை நடத்தும் அமைப்புகளுடையது, கோப்பையை வென்ற வீரர்களுடையது இல்லை.

நிலையான கால அட்டவணை, எல்லா நாடுகளுக்கும் அழைப்பு, இந்தியாவுக்கு வெளியேயும் ஆண்கள் போட்டி ஆகிய மூன்றும் அமைந்தால், கபடி உலகக் கோப்பையின் மதிப்பைப் பற்றி வாதாட வேண்டிய தேவையே இருக்காது. அதுவரையில், ஈரானையும் தென்கொரியாவையும் தாண்டி வென்ற கோப்பைகளை எதிரியில்லாத வெற்றி என்று சொல்வதற்குப் பதிவேட்டில் ஆதாரம் இல்லை.