பதநீருக்கு ஓர் அடுப்பு வேண்டும்

தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையை 2021 ஆகஸ்ட் 14 அன்று சட்டமன்றத்தில் வாசித்தவர், கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடித் தொகுதியில் வென்று அப்போது வேளாண் அமைச்சராக இருந்த எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம். 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் மானியத்தில் வழங்கப்படும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும், நியாய விலைக் கடைகளில் பனைவெல்லம் விற்கப்படும் என்று அந்த அறிக்கை சொன்னது. வரவேற்க வேண்டிய அறிவிப்புகள்தாம். ஆனால், அன்று புதைத்த கொட்டை முளைத்துப் பாளை விட 15 ஆண்டுகளாவது ஆகும். ஏரிக்கரையிலும் வரப்பிலும் இன்றைக்கே பாளை விட்டு நிற்கிற மரங்களோ ஏறுவாரின்றி நிற்கின்றன. செங்கல் சூளைக்குப் போகும் மரங்களும் உண்டு. வெட்டக் கூடாது என்று ஆணை போடலாம். ஒரு ரூபாய்கூடத் தராத மரத்தை எத்தனை ஆண்டுகள்தாம் ஓர் உழவர் ஆணைக்காக மட்டும் காத்து நிற்பார்? கடலூர் மாவட்டத்தில் பனை நிலைக்க வேண்டுமென்றால், பதநீரைப் பாகாகக் காய்ச்சும் வேலை சாதாரணக் குடும்பங்களுக்குக் கைவர வேண்டும். அதற்கு ஆலை தேவையில்லை. உள்ளூர்ப் பட்டறையில் செய்த அடுப்பும், அகலமான எவர்சில்வர் தட்டும், ஒரு வெப்பமானியும் போதும்.

இப்படி வீட்டிலேயே காய்ச்சுவது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் கனடாவையும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களையும் பார்க்கலாம். இரவில் உறைபனி, பகலில் இளவெயில் என்று இருக்கும் குளிர்காலக் கடைசியில், சில வாரங்கள் மட்டும், மேப்பிள் மரத்தில் சிறு துளையிட்டு அங்கே சாறு எடுக்கிறார்கள். பூர்வகுடி மக்களிடமிருந்து மற்றவர்கள் கற்றுக்கொண்ட தொழில் அது. அந்தச் சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஒரு லிட்டர் பாகுக்கு 40 லிட்டர் சாறு வேண்டும். அப்படியிருந்தும் கொல்லைப்புறத்தில் நாலு மரம் வைத்திருப்பவர்கள்கூடக் காய்ச்சுகிறார்கள். பழைய எண்ணெய்ப் பீப்பாயைப் படுக்க வைத்து அடுப்பாக வெட்டிக்கொள்கிறார்கள். கான்கிரீட் கற்களை அடுக்கி, உணவு விடுதிகளில் பதார்த்தங்களைச் சூடாக வைக்கும் எவர்சில்வர் தட்டுகளை அதன்மேல் ஏற்றுகிறார்கள். வீட்டுக் குடிநீர் சுத்திகரிப்பில் பயன்படும் சவ்வை வைத்துச் சாற்றிலிருந்து ஒரு பகுதி நீரை முன்கூட்டியே பிரித்து, விறகை மிச்சப்படுத்துவோரும் உண்டு. உலக மேப்பிள் பாகில் சுமார் 70 சதவீதத்தைத் தரும் கியூபெக் மாகாணத்தில் உற்பத்திக்கு ஒதுக்கீடு உண்டு, மொத்த விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் 5 லிட்டருக்கும் குறைவான கலன்களில் அடைத்து நுகர்வோருக்கு நேரடியாக விற்பவரை அந்தக் கட்டுப்பாடு தொடுவதில்லை. பெரிய தொழிலையும் சிறிய அடுப்பையும் சட்டம் ஒரே தராசில் நிறுக்கவில்லை.

நம் பனை இந்தக் கணக்கில் எவ்வளவு கொடுத்து வைத்த மரம் என்று பாருங்கள். பதநீரில் சர்க்கரை ஏறத்தாழ 12 சதவீதம். ஏழெட்டு லிட்டர் பதநீரிலேயே ஒரு லிட்டர் பாகு இறங்கிவிடும். தென்மாவட்டங்களில் இதற்கு அடுத்த படியான கருப்பட்டியைத்தான் பெரும்பாலும் காய்ச்சுகிறார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கடலூரும் விழுப்புரமும் சேர்ந்திருந்த பழைய தென்னார்க்காட்டிலும் இந்தத் தொழில் முற்றாக அற்றுப்போகவில்லை, விக்கிரவாண்டிப் பக்கத்தில் நரசிங்கனூர், பூரிகுடிசை போன்ற ஊர்களில் இன்றும் பனையேறிகள் இருக்கிறார்கள். இலங்கையில் தயிரின் மேல் கித்துள் பாணி, அதாவது கித்துள் என்ற இன்னொரு பனையினத்தின் பாகு, ஊற்றிச் சாப்பிடுவது அன்றாட வழக்கம். வடக்கு, கிழக்குப் பகுதிகளின் பனைத் தொழிலுக்கென்று அங்கே 1978-லேயே பனை அபிவிருத்திச் சபை அமைத்தார்கள். புதிதாகக் காய்ச்சத் தொடங்கும் குடும்பத்துக்குக் கருப்பட்டியைவிடப் பாகே ஏற்றது என்று சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. கருப்பட்டி இறுக வேண்டும். பதநீர் லேசாகப் புளிக்கத் தொடங்கியிருந்தாலே அதன் சர்க்கரை உடைந்து, கொட்டாங்குச்சியில் ஊற்றியது இறுகாமல் கொழகொழவென்று நின்றுவிடும், அன்றைய உழைப்பு பாழ். பாகு இறுக வேண்டியதில்லை என்பதால் இந்தச் சிறு பிசகு அதைக் கெடுப்பதில்லை. இறக்கும் பதத்திலும் அது எளிது. நீர் 100 டிகிரியில் கொதிக்கும் கடலோரச் சமவெளி நம்முடையது; கொதிக்கும் பாகு 104 டிகிரியைத் தொட்டதும் இறக்கினால் சர்க்கரை அடர்த்தி 66 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதற்குக் குறைந்தால் பூஞ்சை பிடிக்கும், மிஞ்சினால் புட்டியின் அடியில் கற்கண்டு படியும். கரும்பின் முதிர்ச்சியைப் பார்க்கச் சர்க்கரை ஆலைக் களப்பணியாளர்கள் வயலுக்கு எடுத்துப் போகும் கைக்கடக்கமான பிரிக்ஸ் மானியே இந்த அடர்த்தியையும் ஒரு சொட்டில் காட்டிவிடும். நெல்லிக்குப்பத்தில் 1842-லேயே சர்க்கரை ஆலை வந்துவிட்ட மாவட்டம் இது; அந்தக் கருவி இங்கு யாருக்கும் புதிதல்ல.

காய்ச்சும் முறையிலும் மறைபொருள் எதுவுமில்லை. உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கிய பதநீரைச் சற்றுத் தெளிய வைத்து, அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கலக்காமல் இறுத்து, துணியில் வடிகட்டி, அகலமான தட்டில் ஊற்ற வேண்டும். ஆழமான அண்டாவைவிட அகலமான தட்டில் நீர் விரைவாக ஆவியாகும். நேரம் குறையக் குறையப் பாகு கருகாமல் நிறமும் மணமும் தெளிவாக நிற்கும். முதலில் அழுக்கு நுரை திரளும், அதைக் கரண்டியால் வழித்துவிட வேண்டும். பொங்கி வழியப் பார்த்தால் நசுக்கிய ஆமணக்கு விதை ஒன்றிரண்டு போட்டால் அடங்கும். பெரிய குமிழிகள் சிறுத்து, நெருங்கி, மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராகக் கொதிக்கும்போது நிறம் தேனுக்கு வந்திருக்கும். அப்போது அடுப்பைத் தணித்து வெப்பமானியைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கடைசிச் சில நிமிடங்களில் பாகு பதத்தைத் தாண்டி ஓடிவிடும். சூட்டோடு கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி மூடினால் வேலை முடிந்தது. ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். எண்ணெய்ப் பீப்பாய் அடுப்பின் உடலாக இருக்கலாம். பதநீர் படும் பாத்திரம் எவர்சில்வராகவே இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகரமும் ஈயப் பற்றவைப்பும் உள்ள பாத்திரம் கூடவே கூடாது.

இதற்கு முதல் மறுப்பு காவல் துறையின் பக்கத்திலிருந்து வரும். சுண்ணாம்பு இல்லாமல் இறக்கினால் அதே சாறுதான் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. வீட்டுக்கு வீடு பதநீர் என்றால் வீட்டுக்கு வீடு கள் என்று ஆகிவிடாதா? ஆகாது. புளித்த சாற்றிலிருந்து சர்க்கரை போய்விடுகிறது, அதைக் காய்ச்சினால் பாகு வராது. பாகு விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்குத் தன் பதநீர் புளிக்காமல் காப்பதில் எந்தக் காவலரையும்விட அதிக அக்கறை இருக்கும். சந்தேகம் வந்தால் தீர்க்கவும் வழி உண்டு. சுண்ணாம்பு சேர்ந்த பதநீர் காரத்தன்மை கொண்டது, கள் அமிலத்தன்மை கொண்டது. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் லிட்மஸ் தாள் ஒன்றே எது எது என்று சொல்லிவிடும். கலயத்தோடு வரும் பனையேறியை நிறுத்தி வழக்குப் பயத்தில் நடுங்க வைப்பதற்குப் பதில் அந்தத் தாளைக் காவல் நிலையங்களுக்குக் கொடுப்பது அரசுக்குச் செலவே இல்லாத காரியம். கியூபெக்கைப் போல ஒரு வரம்பு வைத்து, அதற்குள் காய்ச்சி நேரடியாக விற்பவரை உணவுப் பாதுகாப்புத் துறையின் எளிய பதிவோடு விட்டுவிடலாம்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. பனையேறுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை, காய்ச்சுவது பெண்களைப் புகையில் வேக வைக்கும் வேலை. சாதியோடு பிணைந்து தலைமுறைகளை நசுக்கிய தொழிலை ஏன் மீண்டும் தூக்கிப் பிடிக்க வேண்டும்? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தென்னை ஏறும் கருவியைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேங்காய் பறிப்பவர் வெட்டிப் போட்டுவிட்டு இறங்கலாம். பனையேறி அரம்போல் பல் வைத்த மட்டைகளுக்கு நடுவே நின்று ஒவ்வொரு பாளையையும் மெல்லிசாகச் சீவி, கலயத்தை மாற்றி, பருவம் முழுவதும் நாள்தோறும் திரும்ப ஏற வேண்டும். அந்தத் திறமைக்குப் பதிலாக எந்த இயந்திரமும் இன்னும் வரவில்லை. ஆகவே அதற்கு உரிய கூலியும் விபத்துக் காப்பீடும் வேண்டும். ஆனால் ஏறுவதும் காய்ச்சுவதும் ஒரே குடும்பத்தின் தலையில் விழுந்ததுதான் பழைய கொடுமையில் பாதி. விடிகாலையில் ஏறி இறங்கியவரும் அவர் மனைவியும் அன்றே காய்ச்சி முடித்தாக வேண்டும், பதநீர் காத்திருக்காது. அந்த அவசரம் தெரிந்த வியாபாரி முன்பணம் கொடுத்து விலையை அமுக்குவார். பக்கத்துத் தெருவில் பத்து வீடுகள் லிட்டர் கணக்கில் பதநீர் வாங்கத் தயாராக இருந்தால் பனையேறி காசோடு வீட்டுக்குப் போவார். புகையைப் பொறுத்தவரை, ஒரு லிட்டர் பாகுக்கு ஆறு லிட்டருக்குச் சற்று மேல் நீரை ஆவியாக்க வேண்டும். சமையல் எரிவாயுவில் அதற்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் என்பது என் கணக்கு. விறகுதான் என்றாலும் புகைபோக்கி வைத்த அடுப்பைச் செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டத் தெரிந்த கொத்தனார்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

சர்க்கரை மலிவாகக் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பது மூன்றாவது கேள்வி. உடலுக்கு நல்லது என்று பதில் சொல்லிப் பனம்பாகை விற்கக் கூடாது. அதில் இருப்பதும் பெரும்பகுதி சர்க்கரைதான், நீரிழிவு உள்ளவர்களுக்கு அது மருந்தாகாது. உண்மையான பதில் நிலத்திலும் நீரிலும் இருக்கிறது. கரும்பு நல்ல நிலத்தை ஏறத்தாழ ஓர் ஆண்டு பிடித்துக்கொண்டு பாசனம் கேட்கும் பயிர். பனை வரப்போரத்தில், யாரும் தண்ணீர் விடாத மேட்டில் நிற்கிறது. பனைவெல்லம் பெருகினால் கரும்பு நிலம் உணவுப் பயிருக்குத் திரும்பும் என்று காந்தியும் ஜே.சி. குமரப்பாவும் வாதிட்டது இதை வைத்துத்தான். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பகுதிகளில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த பிறகு, ஓரிரு மரப்பயிர்களையே நம்பியிருப்பதன் விலை என்னவென்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும்.

பாகு புட்டியில் சீனிப்பாகு கலந்தால் என்ன செய்வது என்ற ஐயம் மிஞ்சுகிறது. பிரிக்ஸ் மானி அடர்த்தியைக் காட்டும், கலப்படத்தைக் காட்டாது. தொலைதூரச் சந்தைக்குப் போகும் சரக்கில் இந்தச் சிக்கல் தீராது. ஆகவே முதல் சில பருவங்களுக்குப் பாகு அடுப்பைவிட்டு வெகுதூரம் போகாமலிருப்பதே நல்லது. குறிஞ்சிப்பாடி, வடலூர்ப் பக்கத்தில், வாங்குபவர் காய்ச்சுவதை நேரில் பார்க்கும் அளவுக்கு அருகிலேயே விற்கட்டும். வட்டாரத்துக்கு ஐந்தாறு மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தேர்ந்தெடுத்து, குழுவுக்கு ஓர் அடுப்பும் இரண்டு தட்டும் ஒரு வெப்பமானியும் கொடுத்து, நரசிங்கனூர்ப் பக்கத்துப் பனையேறிகளைக் கூலி கொடுத்து அழைத்து வந்து இங்குள்ள இளைஞர்களுக்குப் பாளை சீவப் பழக்கினால், அதற்கு ஆகும் பணம் விதைத் திட்டத்தில் ஒரு சிறு பங்குதான். பதநீர்ப் பருவம் தை, மாசியில் தொடங்கிவிடும். அடுப்புகளுக்கான நிதியை வேளாண் துறை கார்த்திகைக்குள் ஒதுக்க வேண்டும்.