எள்ளும் தண்ணீரும்

குற்றாலத்துக்கு எதற்காகப் போவார்கள்? "இதென்ன கேள்வி, குளிக்கத்தான்!" என்பீர்கள். நானும் அப்படி எண்ணிக்கொண்டுதான் புறப்பட்டேன். சென்னையிலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்து தென்காசியில் இறங்கி, காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் வீசும் காற்றில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளப் பெரும்பாடுபட்டு, பிறகு பஸ் ஏறினேன். ஆசிரியர் என்னை அனுப்பியது சீஸனைப் பற்றி எழுதத்தான். ஆகவே கடமைக்கு இரண்டு வார்த்தை: சாரல் பிரமாதம், அருவிகளில் நல்ல தண்ணீர், பழக்கடைகளில் மங்குஸ்தான் வந்திருக்கிறது. இவ்வளவு போதும், நேயர்களே. நான் சொல்ல வந்தது வேறு.

அன்று ஆடி அமாவாசை. பேரருவிக் கரையில் தர்ப்பணம் செய்ய வந்த ஜனங்கள் நெருக்கியடித்துக் கொண்டிருந்தார்கள். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், அங்கே ஆண்கள் குளிக்க ஒரு பக்கம், பெண்கள் குளிக்க ஒரு பக்கம் என்று பிரித்திருக்கிறார்கள். பெண்கள் பக்கம் நின்று கொண்டிருந்த எனக்கு முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். வெளிர் நீலப் புடவை, கையில் ஒரு பித்தளைச் செம்பு, நெற்றியில் திருநீறு. அவரைச் சுற்றி மட்டும் ஒரு முழம் இடம் காலியாக இருந்தது. அவ்வளவு கூட்டத்தில் அது எப்படி என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "இவங்கல்லாம் அந்தப் பக்கம் போக வேண்டியதுதானே!" ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாக வரிசையை விட்டு விலகிக் கரைப்பக்கம் நடந்தார்.

அவர் ஒரு திருநங்கை.

எனக்கும் குளிக்கும் ஆசை போய்விட்டது. (போகாமல் நின்றவர்களைக் குறை சொல்லவில்லை; அவர்கள் ராத்திரி முழுதும் பிரயாணம் செய்து வந்தவர்கள்.) கரையில் உட்கார்ந்திருந்த வயதான சாஸ்திரிகள் ஒருவரிடம் அந்த அம்மாள் எள்ளும் தர்ப்பையும் வாங்கிக்கொண்டு தயங்கி நிற்பதைப் பார்த்தேன்.

"யாருக்கு அம்மா? என்ன உறவு?" என்று சாஸ்திரிகள் கேட்டார்.

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வேண்டியவரு சாமி" என்றார் அவர்.

சாஸ்திரிகள் நிமிர்ந்து ஒரு முறை பார்த்தார். "பேரைச் சொல்லு. அது போதும்" என்றார்.

பிறகு டீக்கடை ஓரமாக நானாகவே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். பத்திரிகைக்காரி என்றதும் எழுந்துவிட்டார். "பேரு, ஊரு, தெரு ஒண்ணும் எழுத மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தார். வாக்கைக் காப்பாற்றுகிறேன்.

அவருடைய வேண்டியவர் லோடு வண்டி ஓட்டுபவர். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி கொண்டுபோவார். ஒன்பது வருஷம் இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள். சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர் முன்னிலையில் மாலை மாற்றி, மஞ்சள் கயிறும் கட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலை நெஞ்சு வலி. ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர் இவர், "நீங்க யாரு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் கையெழுத்துப் போட அண்ணன் வந்துவிட்டார்.

"அதுக்கப்புறம் மொகத்தைப் பாக்கலை தங்கச்சி. தெருமுனையில நின்னேன். 'கேதத்துக்கு வந்தவங்க முன்னால மானத்தை வாங்காதே, போயிரு'ன்னாங்க. பாடை போறப்ப ஒரு கடைக்குப் பின்னால நின்னு கும்பிட்டுக்கிட்டேன். பதினாறாம் நாள் முடிஞ்சதும் வீட்டுக்காரரு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. டீ கிளாசின் விளிம்பைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கூவாகம் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை."

உங்களுக்குக் கூவாகம் தெரியும். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே, இப்போது கள்ளக்குறிச்சி ஜில்லாவில் இருக்கும் கிராமம். பாரதப் போருக்கு முன் களப்பலியான அரவானுக்கு அங்கே கூத்தாண்டவர் என்று பெயர். மறுநாள் சாகப் போகிறவனுக்கு யார் கழுத்தை நீட்டுவாள்? கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான் என்பது கதை. ஆண்டுதோறும் சித்திரையில், நாட்டின் பல பாகங்களிலிருந்து வரும் திருநங்கைகள் அந்த மோகினியாகத் தங்களைப் பாவித்துப் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். விடிந்தால் அரவான் பலி. தாலியை அறுத்து, வளையலை உடைத்து, பூவைப் பிய்த்தெறிந்து ஒப்பாரி வைத்துவிட்டு, தலை முழுகி வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். அதைப் பார்க்க ஊரே திரளுகிறது. புகைப்படக்காரர்கள் முட்டி மோதுகிறார்கள். எங்களைப் போன்ற பத்திரிகைகள் பக்கம் பக்கமாய்ப் படம் போடுகின்றன. நானும் ஒரு தடவை குறிப்பு எழுதியிருக்கிறேன், "உள்ளத்தை உருக்கும் காட்சி" என்று.

"அரவானுக்கு நான் மாரடிச்சு அழுதப்போ எத்தனை பேரு கூட நின்னாங்க! ஒருத்தரும் 'நீ யாரு அவனுக்கு'ன்னு கேக்கலை" என்றார் அந்த அம்மாள். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்துச் சொல்வது என் உத்தியோகத்தில் சேர்ந்தது அல்லவா? விசாரித்தேன். திருநங்கைகளுக்குத் தமிழ்நாட்டில் 2008-லேயே நல வாரியம் வந்தது. ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலா என்பதை அவரவரே தீர்மானிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2014 ஏப்ரலில் சொல்லிற்று. கல்யாண விஷயத்தில் வழிகாட்டியது நம் தென்பாண்டிச் சீமையேதான். 2018 அக்டோபர் 31-ந் தேதி தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் மணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள் அதிகாரிகள். தம்பதி மதுரை ஐகோர்ட் கிளைக்குப் போனார்கள். நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22-ல் தீர்ப்பளித்தார்: ஹிந்து விவாகச் சட்டத்தில் 'மணமகள்' என்று இருக்கும் சொல் திருநங்கையையும் குறிக்கும், பதிவு செய்துகொடுங்கள். 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளும், ஒரே பாலினத்தார் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்த அதே தீர்ப்பில், திருநங்கை ஓர் ஆணை மணப்பதற்கு இப்போதுள்ள சட்டங்களிலேயே இடமுண்டு என்று ஒப்புக்கொண்டார்கள்.

இதில் நம் வீட்டுப் பெண்கள் எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1967-ல் தமிழ்நாட்டில் கொண்டு வந்த திருத்தத்தின்படி, புரோகிதர் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. உற்றார் அல்லது சிநேகிதர் முன்னிலையில், ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ ஹிந்துக்களுக்கு அது செல்லுபடியாகும் கல்யாணம். அப்படியானால் அந்த ஏழெட்டுச் சிநேகிதர்கள் முன்னிலையில் கட்டிய மஞ்சள் கயிறு? அவர் சட்டப்படி மனைவியே என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. மனைவி என்று நிலைத்தால் வாரிசுகளில் முதல் வரிசையில் அல்லவா நிற்பார்! ஆனால் பதிவுச் சான்று இல்லையே. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்குப் போனால் அண்ணன்மார் மறுப்பார்கள். கோர்ட், சாட்சி என்று அலைய வேண்டும். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும் என்று 2009-லிருந்து சட்டம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறோம்? நமக்குச் செல்லும், கல்யாண ஆல்பத்தைக் காட்டினாலே ஊர் நம்பும்.

இதையெல்லாம் நான் ஆவேசமாக எடுத்துச் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வண்டியில அவருக்குப் பாதிப் பங்குதான். அதை அவங்களே வச்சுக்கிடட்டும். எனக்கு மொகத்தைப் பாக்க விட்டிருக்கலாம்" என்றார்.

அப்போதுதான் அவருடைய மணிபர்சுக்குள் இருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் மாறிற்று. "அவங்க அம்மா" என்றார் தாழ்ந்த குரலில். மகன் உயிரோடிருந்த ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட வாசற்படி மிதிக்காத அம்மா. மூத்த பிள்ளைகளுக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் கூப்பிடுகிறாளாம்.

காது கொஞ்சம் மந்தம் போலும்; கிழவி போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"ஏளா, எள்ளுத் தண்ணி விட்டாச்சா?"

திருநெல்வேலிச் சீமைப் பேச்சு பழக்கமில்லாத நேயர்களுக்குச் சொல்ல வேண்டும்: அந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளையைக் கூப்பிட 'ஏலே', பெண்பிள்ளையைத்தான் 'ஏளா' என்பார்கள்.

"விட்டாச்சும்மா."

"காக்காய்க்குச் சோறு நான் இங்க வச்சுட்டேன். நீ வெறும் வயித்தோட இருக்காதே. சாப்பிட்டுட்டு பஸ் ஏறு, என்ன?"

"சரிம்மா" என்றார் அவர். போனை மூடிவிட்டு என்னைப் பார்த்து, "இங்க பக்கத்துல சாப்பாடு நல்லா இருக்குமா தங்கச்சி? நீங்களும் வாங்களேன்" என்றார்.