காப்பகத்து வாயிலில் இரண்டு நிமிடம்

ஜீடிமெட்லாத் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் வசிக்கும் நம் அன்பர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. ஒரு கையில் சோற்றுப் பாத்திரமும் மறு கையில் குழந்தையுமாகத் தாய் விரைந்து வருகிறாள். காப்பகத்துப் படியில் குழந்தையை இறக்கி விடுகிறாள். அது அழுகிறது, அவள் திரும்பிப் பாராமல் ஓடுகிறாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டால் கூலி குறையும் அல்லவா? காப்பகத்து ஆசிரியையிடம் ஒரு வார்த்தை பேச அவளுக்கு நேரமில்லை. பேசலாமென்றாலும் தெலுங்கு போதவில்லை.

ஊரில் இருந்திருந்தால் பாட்டியோ அத்தையோ குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். அது இரவில் இருமியதும் காலையில் பால் குடியாததும் அவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஒரே வீட்டில் இருப்பவர்கள். பிழைப்பை நாடி வந்த இடத்தில் பாட்டி செய்யும் வேலையை அயலார் ஒருவர் ஏற்றிருக்கிறார். அவருக்கு நாம் சொன்னால்தான் தெரியும். இந்தச் சிறு உண்மையை மறப்பதால் எத்தகைய துன்பம் நேரக்கூடும் என்பதற்கு, நம் அன்பர் குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததைப் பெயர் குறியாமல் எழுதுகிறோம்.

மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு இரவில் ஜுரம். விடிந்ததும் பாராசிட்டமால் மருந்து கொடுத்தார்கள், உடம்பு குளிர்ந்தது. ஜுரமென்று சொன்னால் காப்பகத்தில் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள், ஒரு நாள் ஊதியம் போய்விடும் என்று அஞ்சிப் பெற்றோர் வாய் திறக்கவில்லை. மூன்று மணி நேரம் கழியுமுன்பே குழந்தையின் உடம்பு மீண்டும் சுட்டது. ஆசிரியை தாயைத் தொலைபேசியில் அழைத்தார். ஆலைக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. செய்வதறியாமல் தம்மிடமிருந்த அதே மருந்தை அவரும் கொடுத்துவிட்டார். ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டிய மருந்து அது. அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கவல்லது. நல்ல வேளையாகக் குழந்தைக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை.

மாலையில் வாயிலில் பெரும் சச்சரவு எழுந்தது. "எங்களைக் கேளாமல் மருந்து கொடுக்கலாமா?" என்றார் தகப்பனார். "ஜுரமென்று நீங்கள் ஏன் சொல்லவில்லை?" என்றார் ஆசிரியை. இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. ஆனால் மாலையில் சண்டையாக எழுந்த அந்தப் பேச்சு, காலையில் இரண்டு நிமிட உரையாடலாக நடந்திருக்க வேண்டும்.

அந்தப் பெற்றோரைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஒரு நாள் கூலியின் அருமையை நாமும் அறிவோம். ஆயினும் ஜுரமுள்ள நாளில் தாயும் தந்தையும் முறை வைத்து விடுப்பு எடுப்பதே நலம். முதல் நாள் இரவு கொடுத்த மருந்தாயினும், அதன் பெயரையும் கொடுத்த மணியையும் ஆசிரியைக்குச் சொல்லியே ஆகவேண்டும். நாம் சொல்லாத மருந்தை அவர் எந்தக் கண்ணால் காண்பார்?

உழைப்பாளிகளின் குழந்தைகளைப் பேணும் இடங்களில் இந்தப் பேச்சின் அவசியம் நெடுங்காலத்துக்கு முன்பே உணரப்பட்டது. 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழை மக்கள் குடியிருப்பில் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனியே திரிந்த சிறுவர்களுக்காக ஏற்பட்டது அது. கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் சில விதிகள் இருந்தன. தாய்மார் குழந்தைகளைத் தூய்மையாக அனுப்ப வேண்டும். வாரம் ஒரு முறையேனும் இல்லத் தலைவியைக் கண்டு, வீட்டில் குழந்தை எவ்வாறு இருக்கிறது என்று கூறி, அவருடைய யோசனையையும் கேட்க வேண்டும். அந்த அம்மையாரே 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

காலையில் நான்கு செய்திகளைச் சொன்னால் போதும்: குழந்தை உறங்கியதா, என்ன உண்டது, உடல்நலம் எப்படி, மாலையில் அழைத்துச் செல்ல வருபவர் யார். வழக்கமாக வருபவருக்குப் பதிலாக வேறொருவர் வருவதாயின், அவரை முன்னதாக அழைத்துச் சென்று முகம் காட்டிவிட வேண்டும். ஆலைக்குள் கைபேசி கூடாதெனில், அவசரத்துக்கு அழைக்கத்தக்க அண்டை வீட்டார் ஒருவரின் எண்ணைக் கொடுத்து வைக்க வேண்டும்.

மொழி ஒரு பெருந்தடையன்று. 'பாபகி ஜ்வரம் வச்சிந்தி' என்றால் குழந்தைக்கு ஜுரம் வந்தது என்று பொருள். மருந்து கொடுத்தோம் என்பதற்கு 'மந்து இச்சாமு'. வயிற்று வலிக்குக் 'கடுபு நொப்பி'. இரவில் தூங்கவில்லை என்பதற்கு 'ராத்ரி நித்ர போலேது'. பட்டறையில் தோழர்களிடம் 'நுவ்வு' என்று பேசிப் பழகியவர்கள் ஆசிரியையிடம் 'மீரு' என்றே சொல்ல வேண்டும். 'செப்பு' என்னாமல் 'செப்பண்டி' எனல் வேண்டும். நாம் அறியாமல் ஏகவசனத்தில் பேசுவது அவர் செவிக்கு அவமதிப்பாகவே படும்.

குழந்தையின் மொழியையும் ஆசிரியைக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். 'மூச்சா', 'மம்மம்', 'இங்கா' என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டது கிடைக்காத குழந்தை அழும். பிடிவாதக் குழந்தை என்று பெயரெடுக்கும். பள்ளியில் தெலுங்கு பயிலும் மூத்த பிள்ளையைக் கொண்டு, இத்தகைய பத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். சோறு ஊட்டி உறங்க வைக்கும் ஆயம்மாவிடமும் இவற்றைச் சொல்வது நலம்.

குறை கூற வேண்டிய நாளும் வரும். அப்போது குழந்தையின் முன்னும் பிறர் முன்னும் கூறலாகாது. உடம்பில் கீறல் கண்டால், "ஏன் அடித்தீர்கள்?" என்று தொடங்காமல், "இது எப்படி நேர்ந்தது?" என்று வினவ வேண்டும். விடை பொருந்தவில்லை என்றாலோ, குழந்தை அங்கே செல்ல நாள்தோறும் நடுங்கினாலோ, பொறுப்பாளரிடம் முறையிடத் தயங்கலாகாது. மரியாதை என்பது அடங்கிக் கிடப்பதன்று.

அங்கன்வாடிக்கு அனுப்புவோர் கேட்டறிய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அங்கே குழந்தையை எடையிட்டுக் குறிக்கிறார்கள். அந்தக் குறிப்பைக் காட்டும்படி கேளுங்கள். எடை ஏறவில்லையெனில் காரணம் வினவுங்கள். பாடம் சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்பதைவிட இது முக்கியம்.

மாலையில் குழந்தையைத் தூக்கிக்கொள்ளும்போது, இன்று எப்படி இருந்தது என்று ஒரு கேள்வியும் ஒரு நன்றியும் சொல்லுங்கள். நம் குழந்தையின் பகற்பொழுது அந்த அம்மையாரிடம் இருக்கிறது. இராப்பொழுது நம்மிடம் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது வாயிலில் நாம் பேசும் சில சொற்களே. நாளைக் காலை ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்படுமாறு நம் அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.