பழைய பிக்அப்பா, புதிய மகிழுந்தா?



பெடோங் வட்டாரத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். தந்தையார் வைத்திருந்த பழைய தொயோத்தா ஹைலக்ஸ் இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. பள்ளிக்கு நான் ஓட்டுவதோ 2018இல் வாங்கிய பெரோடுவா பெஸ்ஸா. இரண்டையும் ஓட்டுபவன் என்பதால் இதனை எழுதுகிறேன்.

ஒரு மழை நாள் காலை, பழைய பிக்அப் ஒன்றின் பின்தட்டிலிருந்து எங்கள் மாணவர் இருவர் நனைந்தபடி இறங்கினர். கடைக்குட்டி முன்னால் தாயின் மடியில். தந்தையிடம் கேட்டேன். "முன்னால வேற இடம் இல்ல சார். காரு வாங்கலாம்னா மாசத் தவணைய நெனச்சா பயமா இருக்கு" என்றார். அவரைக் குறைகூற என்னால் இயலவில்லை.

பிக்அப்பின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஏணி போன்ற இரும்புச் சட்டமும், பின்புற வில்தகடுகளும், தரையினின்று உயர்ந்த அமைப்பும் செம்மண் பாதைக்கென்றே செய்தவை. செம்பனைக் குலையும் ஏற்றலாம். விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரமும் ஏற்றலாம். அந்தப் பாதையில் என் மகிழுந்தின் அடிவயிறு உரசும். ஆயினும் தட்டு காலியாக இருக்கையில், ஈரச் சாலையில் பிக்அப்பின் பின்பக்கம் எளிதில் வழுக்கும். எங்கள் பழைய வண்டியில் காற்றுப்பையும் கிடையாது. மகிழுந்திலோ ஐவருக்கும் இருக்கை வார் உண்டு.

நம் நாட்டில் பின்னிருக்கைப் பயணிகளுக்கு இருக்கை வார் 2009 ஜனவரி முதல் கட்டாயமானது. 2020 ஜனவரி முதல் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையும் விதியாயிற்று. சரக்குத் தட்டில் வார் ஏது? இருக்கைதான் ஏது? சரக்குக்கு உரிய இடம் பிள்ளைக்கு உரியதன்று.

அதற்காக, "உடனே புதிய மகிழுந்து வாங்குங்கள்" என்று நான் கூறமாட்டேன். ஒன்பதாண்டுக் கடன் எடுத்தால், முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போதுதான் அது முடியும். ஊரார் மெச்ச வாங்கிய வண்டி, பிள்ளையின் கல்விச் செலவை விழுங்கிவிடலாகாது. 2024 ஜூனில் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, பழைய பிக்அப் வைத்திருந்த குடும்பங்கள் பட்ட பாட்டையும் நான் அறிவேன்.

எனவே என் கருத்து இதுதான். பிக்அப் வேலைக்கு இருக்கட்டும். பிள்ளைகளுக்கு நல்ல நிலையிலுள்ள பழைய மகிழுந்தே போதும். அதுவும் இயலாதெனில், ஒரே வழியில் வருவோர் பகிர்ந்துகொள்ளலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வேன் ஏற்பாடு செய்யலாம். அம்மூவரையும் இப்பொழுது அதே பாதையில் வரும் ஆசிரியை ஒருவர் தம் மகிழுந்தில் அழைத்து வருகிறார்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய வண்டியில் வந்திறங்கும் மாணவனைப் பிறர் நகைத்தால், பார்த்தும் பாராமல் இருந்துவிடாதீர்கள். அந்த வண்டிதான் அவன் வீட்டுக்குச் சோறு போடுகிறது.

சிந்திப்போம்.